தொழிற்சாலை வளாகத்து மழைநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலை மேலாளர்களும் பராமரிப்புப் பொறுப்பாளர்களும், சில சமயம் ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களும், மழைநீரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அனுமதி வரம்புகளும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும். நீரும் துகளும் நடந்துகொள்ளும் விதம் எங்கும் ஒன்றுதான் என்பதால், பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியே அமைந்துள்ளன.

1. மழைநீர் சுத்தமான தண்ணீர்தானே, அதைப் போய் ஏன் சுத்திகரிக்க வேண்டும்?

விழும்போது ஏறத்தாழச் சுத்தமாகத்தான் இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மழைநீரின் பி.எச். அளவு சுமார் 5.6 ஆக, அதாவது லேசான அமிலத்தன்மையோடு, இருக்கும். உப்புகள் அதிகம் இல்லாத மென்னீராகவும் இருப்பதால் தொட்ட உலோகத்தை எளிதில் கரைத்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலிருந்து துத்தநாகம், லாரிகளின் பிரேக் தேய்மானத்திலிருந்து தாமிரம், ஃபோர்க்லிஃப்ட் நின்ற இடத்தில் சொட்டிய ஆயில், குவியலாகக் கொட்டிய மூலப்பொருளின் தூள் என்று வடிகாலைச் சென்றடைவதற்குள் அது பலவற்றைச் சேர்த்துக்கொண்டுவிடுகிறது. மென்னீரில் இந்த உலோகங்கள் மீன்களுக்குக் கூடுதல் நஞ்சாக அமைகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

டயர் தூளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கப்படும் 6பி.பி.டி. என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் சேர்மமே, வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்குக் காரணம் என்பது 2020ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. லாரிகள் வந்து திரும்பும் எந்த வளாகத்திலும் அந்தத் தூள் இருக்கிறது.

2. எங்களிடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஏற்கனவே இருக்கிறது. மழைநீரையும் அதற்குள் திருப்பிவிட்டால் போதாதா?

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 10 கன மீட்டர் நீர். இரண்டு ஹெக்டேர் வளாகம் முழுவதும் தளமும் கூரையுமாக இருந்து, விழும் மழையில் 90 சதவீதம் ஓடி வருவதாகக் கொண்டால், 25 மி.மீ. மழைக்கு 450 கன மீட்டர் சேரும். அந்த மழை மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் கொட்டினால் ஓட்டம் மணிக்கு 900 கன மீட்டர், அதாவது நொடிக்கு 250 லிட்டர். மணிக்கு 10 அல்லது 20 கன மீட்டருக்குக் கட்டிய நிலையத்துக்குள் இதைத் திருப்பினால், அங்கே கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே அடித்துச் செல்லப்பட்டு, மழை நின்ற பின் பல நாள் வரை நிலையம் தன் வழக்கமான வேலையைக்கூடச் செய்யாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ரசாயனத் தொட்டிகளைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள் தேங்கும் நீர், சரக்கு இறக்கும் மேடையின் நீர் போன்ற சிறிய, மிக அழுக்கான பங்கை மட்டும் தனியே பிடித்து வைத்து, மழை ஓய்ந்த பிறகு சிறிய பம்ப் மூலம் மெதுவாக அனுப்பலாம். பல வளாகங்களுக்கு இதுவே மிக மலிவான தீர்வு என்பது என் கருத்து.

3. மழையே இல்லாத நாளிலும் எங்கள் மழைநீர் வடிகாலில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடாது. அது நிலத்தடி நீர்க் கசிவாக இருக்கலாம், குளிர்சாதனக் கருவிகளின் நீராக இருக்கலாம். தரை கழுவிய நீரோ உற்பத்திக் கழிவுநீரோ தவறான குழாயில் இணைக்கப்பட்டும் இருக்கலாம். சந்தேகப்படும் சிங்க்கிலும் தரைத் துளையிலும் தீங்கற்ற சாயத்தை ஊற்றி, வடிகால் முகப்பில், அதாவது நீர் வளாகத்தை விட்டு வெளியேறும் இடத்தில், ஒருவரை நிற்க வைத்து, நிறம் வருகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. இதைத் தீர்க்காமல் மழைநீருக்குக் கருவி வாங்கினால், மழைநீர் அல்லாத ஒன்றைச் சுத்திகரிப்பதற்கே செலவு செய்தவர்களாவோம்.

4. எங்கள் வளாகத்தில் என்ன மாசு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே வளாகத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். வெயில் நாளில் எடுத்த வரைபடத்தில் காட்டிய திசைக்கு நேர் எதிராக நீர் ஓடுவதும், மூடியில்லாத இரும்புக் கழிவுத் தொட்டியின் அடியிலிருந்து பழுப்பு நீர் கசிவதும், கூரைக் குழாயின் நீர் நேராகக் குவியலின் மேல் விழுவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

பிறகுதான் ஆய்வகம். பி.எச்., நீரில் மிதந்து நிற்கும் திடத்துகள்களின் அளவு, எண்ணெய் மற்றும் கிரீஸ், வேதியியல் ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு), அந்தத் தொழிலுக்குரிய உலோகங்கள் ஆகியவை அடிப்படைப் பட்டியல். உலோகங்களை மொத்த அளவு, கரைந்த அளவு என்று இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். 0.45 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிதாளைக் கடந்து வருவதைக் கரைந்தது என்று கொள்வது வழக்கம். மொத்தத் துத்தநாகத்தில் பெரும்பகுதி துகளோடு ஒட்டியிருந்தால் துகளைப் பிடித்தாலே போதும். பெரும்பகுதி கரைந்திருந்தால் எவ்வளவு நல்ல மணல் வடிகட்டியும் பயன்படாது. கருவி விற்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்காமலேயே விலைப்புள்ளி கொடுத்தால், அந்த விலைப்புள்ளியை ஒதுக்கி வைத்துவிடலாம்.

5. மாதிரியை எப்போது எடுப்பது? எந்தப் பாட்டிலில் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

சில நாள் வறட்சிக்குப் பின் வரும் மழையில், வடிகால் முகப்பில் நீர் ஓடத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்துக்குள் எடுப்பது பரவலான நடைமுறை. நீர் தாராளமாக விழும் இடத்தில், பாட்டிலின் வாய் ஓட்டத்தை எதிர்நோக்கியிருக்கும்படி பிடிக்க வேண்டும். அடித்தரையைத் தொட்டால் பழைய கசடு கிளறி உள்ளே வந்துவிடும். எண்ணெய்க்கான மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் நேரடியாகப் பிடிக்க வேண்டும், வேறு பாத்திரத்தில் மொண்டு ஊற்றக்கூடாது, ஏனெனில் எண்ணெய் அந்தப் பாத்திரத்தின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்கான பாட்டிலில் ஆய்வகத்தார் முன்கூட்டியே அமிலம் இட்டு அனுப்பியிருப்பார்கள். வழக்கத்தின்படி அதை அலசினால் அமிலம் போய்விடும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. ஒன்று, துத்தநாகம் பூசிய வாளியில் மொண்டு, அறிக்கையில் துத்தநாகம் கூடிவிட்டதே என்று கவலைப்படுவது. மற்றது, கரைந்த உலோகத்துக்கான மாதிரியை வடிகட்டும் முன்பே அமிலத்தில் சேர்த்துவிடுவது. துகளில் ஒட்டியிருந்த உலோகமும் அமிலத்தில் கரைந்து, எல்லாமே கரைந்தது போலக் கணக்கில் வரும். நான்காம் பதிலில் சொன்ன வித்தியாசமே அழிந்துவிடும்.

6. முதல் பத்து நிமிட நீரை மட்டும் பிடித்தால் போதும், பிறகு வருவது சுத்தம் என்கிறார்களே?

சிறிய, முழுக்கத் தளமிட்ட வளாகத்தில் இது ஓரளவு உண்மை. தரையில் படிந்திருந்த தூசும் ஆயிலும் முதல் ஓட்டத்தோடு கழுவிப் போய்விடும். வளாகம் பெரிதாக ஆக, அருகிலுள்ள பகுதியின் பத்தாம் நிமிட நீரும் தொலைவிலுள்ள பகுதியின் முதல் நிமிட நீரும் ஒரே நேரத்தில் முகப்புக்கு வந்து சேர்வதால் அந்த வேறுபாடு மங்கிவிடும்.

திறந்த வெளியில் குவித்த மூலப்பொருள், மண்தரை, துத்தநாகக் கூரை ஆகியவை உள்ள இடத்தில் இக்கூற்று பொருந்தவே பொருந்தாது. குவியல் தீர்ந்துபோகும் பொருளல்ல. மழை எப்போது வலுக்கிறதோ அப்போது அதிகமாகக் கரையும், அது ஐந்தாவது மணி நேரமாக இருந்தாலும். ஒரே மழையில் மூன்று, நான்கு நேரங்களில் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே இந்த முறையை நம்பித் தொட்டி கட்டலாம்.

7. கருவி வாங்கப் பணமில்லை. இப்போதைக்கு என்ன செய்யலாம்?

பணமிருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: மழையையும் மாசையும் சந்திக்கவிடாமல் பிரித்து வைப்பது. குவியலுக்குக் கூரை போடுவது, கழிவுத் தொட்டிக்கு மூடி போடுவது, டீசல் நிரப்பும் இடத்தைச் சுற்றிச் சிறு மேடு எழுப்பி வெளிநீர் உள்ளே வராமல் தடுப்பது, சுத்தமான பகுதியின் நீரை அழுக்குப் பகுதிக்குள் பாயாமல் தனிக் குழாயில் கொண்டுபோவது ஆகியவை சுத்திகரிக்க வேண்டிய நீரின் அளவையே குறைக்கும். துத்தநாகக் கூரைக்கு ஏற்ற வண்ணப்பூச்சு பூசினால் கூரைநீரில் துத்தநாகம் வெகுவாகக் குறையும். பூச்சு உரியத் தொடங்கும்போது மீண்டும் ஏறும்.

தரை பெருக்குவதில் ஓர் எச்சரிக்கை. சுழலும் துடைப்பம் கொண்ட வண்டி சரளையையும் காகிதத்தையும் அள்ளிவிடும், ஆனால் உலோகம் அதிகம் ஒட்டியிருக்கும் நுண்தூளைத் தரையிலேயே பரப்பிவிட்டுப் போகும். காற்றால் உறிஞ்சும் வகை வண்டியே அந்தத் தூளை எடுக்கும். குழாய் வைத்துத் தரையை வடிகாலுக்குள் கழுவிவிடுவதைப் பெருக்குவதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

8. படிவுத் தொட்டி ஒன்று கட்டினால் கலங்கல் நின்றுவிடும் அல்லவா?

மணல் நிற்கும், களிமண் நிற்காது. அசையாத நீரில் 100 மைக்ரான் அளவுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். 10 மைக்ரான் துகளுக்கு மூன்று மணி நேரம். 1 மைக்ரான் துகளுக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்று நாள். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது.

தொட்டியின் ஆழத்தைவிட மேற்பரப்புதான் முக்கியம் என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கிறது. இரண்டாம் பதிலில் கண்ட நொடிக்கு 250 லிட்டர் ஓட்டத்திலேயே 10 மைக்ரான் துகளைப் படியவைக்க வேண்டுமானால் கணக்குப்படி சுமார் 2,800 சதுர மீட்டர் பரப்பு தேவை, அதாவது வளாகத்தில் ஏழில் ஒரு பங்கு. ஓட்டத்தைத் தேக்கி வைத்து மெல்ல விடுவதும், சாய்வுத் தட்டுகளை அடுக்கிப் பரப்பைப் பெருக்குவதும், துகள்களைத் திரட்டிப் பெரிதாக்குவதும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த வழிகள்தாம்.

9. அப்படியானால் படிகாரம் போட்டுவிடலாமா?

போடலாம், அளந்து போட்டால். படிகாரமும் ஃபெரிக் உப்புகளும் நுண்துகள்களின் மேலுள்ள எதிர் மின்னூட்டத்தைச் சமன் செய்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. எவ்வளவு என்பதை ஜாடிச் சோதனைதான் சொல்லும்: ஒரே நீரை ஆறு ஜாடிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்திட்டு, வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். சரியான ஜாடியில் பஞ்சு போன்ற திரள்கள் கீழிறங்கி மேலே தெளிவு தெரியும். அளவு மிஞ்சிய ஜாடியில் துகள்கள் எதிர்ப்பக்க மின்னூட்டம் பெற்று மறுபடியும் கலங்கியே நிற்கும்.

மழைநீருக்குக் காரத்தன்மை மிகக் குறைவு என்பதால் படிகாரம் பி.எச். அளவைச் சட்டென்று இறக்கிவிடும். அப்போது அலுமினியம் கரைந்த நிலையில் வெளியேறி மீன்களின் செவுளைத் தாக்கும். ஆகவே சோடா உப்பு போன்ற காரப்பொருள் ஒன்றை உடன் சேர்க்க வேண்டியிருக்கும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் இதே வேலைக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. அதற்குப் பின்னால் மணல் வடிகட்டி வைத்து, மிச்ச மருந்து நீரோடு போகாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

10. எண்ணெய் பிரிப்புத் தொட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் வெளியே போகும் நீரில் படலம் தெரிகிறதே?

பழைய வகை எண்ணெய் பிரிப்புத் தொட்டிகள் 150 மைக்ரான், அதற்கு மேற்பட்ட துளிகள் மேலே மிதந்து வருவதை நம்பி வடிவமைக்கப்பட்டவை. பம்ப் வழியாக வந்த நீரில் துளிகள் அரைபட்டுச் சிறுத்துவிடும். தரை கழுவும் சோப்பு கலந்தால் எண்ணெய் பால்போல் கலந்து பிரியவே பிரியாது. பராமரிப்பு இல்லாத தொட்டியில், ஏற்கனவே சேர்ந்த எண்ணெய் அடுத்த பெருமழையில் மொத்தமாக வெளியே தள்ளப்படும். பெரும்பாலான புகார்களுக்கு இந்த மூன்றில் ஒன்றே காரணம்.

படலம் உண்மையில் எண்ணெய்தானா என்றும் பாருங்கள். ஒரு குச்சியால் கலைத்தால், பெட்ரோலியப் படலம் விலகி உடனே மீண்டும் கூடிக்கொள்ளும். இரும்பை உண்ணும் பாக்டீரியா உண்டாக்கும் படலமோ கண்ணாடிச் சில்லுகளைப் போல உடைந்து அப்படியே தனித்தனியாக மிதக்கும்.

11. துத்தநாகம் வரம்பைத் தாண்டுகிறது. இரண்டு முறை வடிகட்டியை மாற்றியும் குறையவில்லை. ஏன்?

நான்காம் பதிலுக்குத் திரும்ப வேண்டும்: கரைந்த பங்கு எவ்வளவு? அது பெரிதாக இருந்தால், துகளைத் தடுக்கும் வடிகட்டிக்குப் பதிலாக உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் ஊடகம், அதாவது நீரைக் கடக்கவிடும் நிரப்புப் பொருள், வேண்டும். செயலூட்டிய கரி, பீட் எனப்படும் மக்கிய பாசி, ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம், இரும்பு ஆக்சைடு பூசிய மணல் ஆகியவை இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. இவை நீரோடு போதிய நேரம் தொடர்பில் இருக்க வேண்டும், நீரின் பி.எச். மிகத் தாழ்வாக இருக்கக்கூடாது, முன்னதாகவே கலங்கலும் எண்ணெயும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் ஊடகத்தின் மேற்பரப்பு அடைத்துக்கொண்டு நீர் வழிந்து ஓடிவிடும்.

வடிகட்டிக்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். வெளியேறும் குழாயும் அதன் மேல் கிடக்கும் கம்பி வலைமூடியும் துத்தநாகம் பூசியவையாக இருந்தால், வடிகட்டி நீக்கியதை அவை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கூரையே மூலமாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு கூரைக் குழாயின் அடியிலும் சிறிய ஊடகப் பெட்டி வைப்பது, கடைசியில் ஒரு பெரிய நிலையம் கட்டுவதைவிடப் பல சமயம் எளிது.

12. செடி நட்ட வடிபடுகை அமைத்தால் செலவு குறையும் என்கிறார்கள். நம்பலாமா?

மணலும் மக்கிய எருவும் கலந்த படுகை துகள், எண்ணெய், உலோகம் மூன்றையும் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் எரு புதிதாக இருக்கும்போது அதிலிருந்தே பாஸ்பரசும் நைட்ரேட்டும், சில சமயம் தாமிரமும், வெளியேறும். தாமிர வரம்பு இறுக்கமாக உள்ள இடத்தில் எருவைக் குறைத்து வேறு ஊடகத்தைச் சேர்ப்பதே நல்லது. தேங்கும் நீர் 72 மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொசு பெருகும்.

13. எங்கள் மழைநீரின் பி.எச். 11 என்று வருகிறது. அமிலம் ஊற்றலாமா?

இப்படிப்பட்ட அளவு பெரும்பாலும் சிமெண்ட், உடைத்த கான்கிரீட், சுண்ணாம்பு ஆகியவற்றால் வருவது. வலுவான அமிலத்தில் சற்றே கூடினாலும் நீர் மறுபக்கம் சென்று 3 அல்லது 4இல் போய் நிற்கும். அதைவிடக் கரியமில வாயுவை நீருக்குள் செலுத்துவது பாதுகாப்பானது. அது பலவீனமான அமிலமாகவே செயல்படுவதால், அளவு தவறினாலும் பி.எச். ஆபத்தான அளவுக்கு இறங்காது.

14. நிலத்துக்குள் இறக்கிவிட்டால் ஆற்றுக்குப் போகாதே?

ஆற்றுக்குப் போகாது, கிணற்றுக்குப் போகலாம். கூரைநீரையும் அலுவலகப் பக்கத்து நீரையும் நிலத்தில் இறக்குவது நல்லதே. எரிபொருள், கரைப்பான்கள், உப்புகள் கையாளும் இடத்து நீரையோ, ஏற்கனவே மாசுபட்ட மண்ணின் வழியாகவோ இறக்கக்கூடாது. துகளில் ஒட்டிய உலோகத்தை மேல்மண் பிடித்துக்கொள்ளும். குளோரின் கலந்த கரைப்பான்களையும் கரைந்த உப்பையும் மண் ஏறக்குறைய தடுப்பதே இல்லை.

15. எவ்வளவு பெரிய மழைக்கு வடிவமைப்பது?

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் வரும் நீரில் பெரும்பங்கு சிறிய, நடுத்தர மழைகளிலிருந்தே வருகிறது. இரண்டாம் பதிலின் 450 கன மீட்டரையும் தேக்கி வைக்க இடமிருந்தால், அதை ஒரு நாள் முழுவதும் பரப்பிச் சுத்திகரிக்க மணிக்கு 19 கன மீட்டர் திறன் போதும். தேக்க இடமே இல்லையென்றால் மணிக்கு 900 கன மீட்டர் வேண்டும். தொட்டியா, கருவியா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தொட்டியே விடை. ஆனால் அடுத்த மழைக்குள் அது காலியாகியிருக்க வேண்டும்.

அளவை மீறி வரும் நீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குள் நுழையவிடாமல் முன்னாலேயே பக்கவழியில் திருப்ப வேண்டும். உள்ளே விட்டால் மாதக்கணக்கில் படிந்த கசடு ஒரே மழையில் கிளறி வெளியேறிவிடும்.

16. தீ விபத்து நடந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

மழைநீர் வடிகாலுக்குத்தான். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றியபோது, தீயணைக்கப் பாய்ச்சிய நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் நதியில் கலந்தன. நதி சிவந்து ஓடியது, விலாங்கு மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. கிடங்கில் அந்த நீரைப் பிடித்து வைக்க இடமில்லை என்பதே அங்கே நிகழ்ந்த அடிப்படைக் குறை.

எனவே ஒவ்வொரு வடிகால் முகப்பிலும் கையால் மூடக்கூடிய மதகு இருக்க வேண்டும், அதன் சாவி எங்கே என்பது இரவுப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய தீயணைப்பு நுரைகளில் ஃப்ளோரின் சேர்மங்கள் இருப்பதால், அந்த நுரை கலந்த நீருக்குச் செயலூட்டிய கரியோ அயனிப் பரிமாற்றப் பிசினோ தேவைப்படும். அச்சேர்மங்களில் சிறிய மூலக்கூறுகள் கரியைச் சீக்கிரமே கடந்துவிடும் என்பதால் கரியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

17. தொட்டியில் சேரும் கசடைத் தோட்டத்தில் கொட்டலாமா?

கூடாது. நீரிலிருந்து நீக்கிய உலோகமும் எண்ணெயும் எங்கும் மறையவில்லை, கசடில்தான் இருக்கின்றன. ஆய்வகத்தில் சோதித்து, அபாயகரமான கழிவா என்று அறிந்து, உரிய அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். வடிகால் குழிகளில் கசடு பாதி ஆழத்தை எட்டும் முன்பே அள்ளிவிட வேண்டும். அதற்கு மேல் புதிதாக வருவது நிற்காது.

18. எல்லாம் செய்த பிறகும் ஒரு முறை அளவு கூடிவிட்டது. இனி என்ன?

முதலில் அந்த எண் எப்படிப்பட்டது என்று பாருங்கள். சில அனுமதிகளில் அது மீறவே கூடாத வரம்பு. சிலவற்றில், எடுத்துக்காட்டாகத் தொழிற்சாலை மழைநீருக்கான அமெரிக்காவின் 2021ஆம் ஆண்டு பொது அனுமதியில், மிதந்து நிற்கும் திடத்துகளுக்கு லிட்டருக்கு 100 மி.கி. என்பது போன்ற எண்கள் வரம்பு அல்ல, அதைத் தாண்டினால் ஏற்பாடுகளைத் திருத்த வேண்டும் என்று தூண்டும் அளவுகோல்கள்.

பிறகு ஐந்தாம் பதிலில் சொன்ன தவறுகள் நடந்தனவா, அன்று பக்கவழி திறந்திருந்ததா, கடைசியாகக் கசடு அள்ளியது எப்போது, அந்த வாரம் வளாகத்தில் புதிதாக எதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். வேறு நல்ல நீரைக் கலந்து செறிவைக் குறைக்கலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆற்றுக்குப் போகும் துத்தநாகத்தின் எடை அதனால் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது, பெரும்பாலான அனுமதிகளும் அதைத் தடை செய்கின்றன. காரணம் பிடிபட்டால் அதைத் தேதியோடு பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடியும் மாதிரி எடுங்கள்.